ஈயப்பூ

— தொட்டிய இப்படித் திருப்புங்கம்மா. என் நிழலே விழுது பாருங்க. ஜன்னல் பக்கம். அய்யோ, அந்த விதைத் தட்டு மேல வச்சுடாதீங்க, சிந்துச்சுன்னா இன்னைக்கு முழுக்க நான் தரையில உட்கார்ந்து பொறுக்கணும்.

— இங்க வைக்கலாமா மேடம்?

— வைங்க. ம்ம். வாடி கண்ணு. எங்கேருந்து வந்த நீ?

— மேடம், செடிகிட்ட அப்புறமாப் பேசிக்கலாம். எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாகுது.

— சார் யாரும்மா?

— என் வீட்டுக்காரரோட தம்பி மேடம். தொட்டியத் தூக்கிட்டு பஸ்ல ஏற முடியாதுன்னு நான்தான் வண்டியில கொண்டாந்து விடச் சொன்னேன்.

— வரமாட்டேன்னு நான் சொல்லல அண்ணி. நீங்க கூப்பிட்டு நான் வராம இருந்திருக்கேனா? ஆனா ஒரு களைச் செடியப் பாக்க விதை டெஸ்ட் பண்ற இடத்துக்கு வரணுமா? நான் பொதுவா சொல்றேன்.

— களையா இல்லையான்னு சொல்றதுக்குத்தான் எனக்குச் சம்பளம் சார். கடுகு மூட்டை மூட்டையா வரும். அதுல வேற என்ன விதை கலந்திருக்குன்னு பொறுக்கிப் பொறுக்கி என் கண்ணே கடுகு சைஸுக்குச் சுருங்கிடுச்சு. நீங்க அந்த ஸ்டூல்ல உட்காருங்க. ஒரு கால் ஆடும், பயப்படாதீங்க. அம்மா, லென்ஸ் வச்சு நீங்களும் பாக்குறீங்களா?

— எனக்கென்ன தெரியும் மேடம். நீங்க பாருங்க.

— இதழ் நாலு. எதிரும் புதிருமா, பெருக்கல் குறி போட்ட மாதிரி. உள்ள இருக்குற மகரந்தக் கேசரம்... அசையாதடி கண்ணு... ஆறு. நாலு நெட்டை, ரெண்டு குட்டை. சந்தேகமே வேண்டாம், கடுகுக் குடும்பம்.

— நான் வீட்டுலயே சொன்னேன்ல? காட்டுக் கடுகு. எங்க கம்பெனி வேலி ஓரமெல்லாம் மஞ்ச மஞ்சளாப் பூத்துக் கெடக்கும்.

— இது என்ன கலரு சார்?

— வெள்ளை. ஓரத்துல லேசா ஊதா. வெயில்ல வெளுத்திருக்கும்.

— மஞ்சக் கடுகு வெயில்ல வெளுத்து ஊதாவாகி நான் பாத்ததில்ல. இருக்கட்டும்.

— ஒரு நாள் ஒரு இலையக் கிள்ளி மென்னு பாத்தேன் மேடம். சுருக்குன்னு மூக்குல ஏறுச்சு. அதனால நானும் கடுகுதான்னு நினைச்சுட்டேன்.

— மென்னீங்களா? நல்ல ஆளு. குடும்பம் ஒண்ணுதானே, காரம் இருக்கும். ஆனா பேரு தெரியாததை வாயில வைக்காதீங்கம்மா. காய் விட்டிருக்கா? ஆங், கீழ இருக்கு. கடுகுக் காய்னா ஒல்லியா நீளமா இருக்கணும். இதப் பாருங்க. தட்டை. உச்சியில ஒரு வெட்டு. சின்னப் புள்ளைங்க நோட்டுல இதயம் வரையுமே, அது மாதிரி.

— எம் பொண்ணும் அதையேதான் சொன்னா.

— கெட்டிக்காரி. என்ன படிக்கிறா?

— படிச்சிட்டிருந்தா மேடம். இப்ப ஸ்கூலுக்குப் போக மாட்டேங்குறா.

— அண்ணி, அந்தக் கதையெல்லாம் இங்க எதுக்கு?

— மேடம் கேட்டாங்க, சொல்றேன். கூடப் படிக்கிறவ ஒருத்தி, உங்கப்பா குடிச்சிட்டுப் பள்ளத்துல விழுந்துதான செத்தாருன்னு கேட்டிருக்கா. அன்னைக்குப் பைய மூலையில போட்டவதான். நான் கெஞ்சிட்டேன், அடிச்சும் பாத்துட்டேன். அம்மா, அவ சொன்னது பொய்யின்னு நீ சொல்லு, நான் போறேன்னு சொல்றா. நான் சொன்னா நம்புறா. ஆனா எழுத்துல இருக்குறது வேற மாதிரி இருக்கே மேடம். அவளுக்கும் அது தெரியும்.

— அடப் பாவமே. எப்படிம்மா செத்தாரு?

— மூணு வருஷம் ஆகப் போகுது. கல் உடைக்கிற கம்பெனியில பம்ப் மெக்கானிக். தம்பியும் அங்கதான், சூப்பர்வைசர். வேலை முடிஞ்சு குடிச்சிட்டுப் போனாரு, ரோட்டோரப் பள்ளத்துல விழுந்து கெடந்தாருன்னு கம்பெனி எழுதிக் குடுத்துடுச்சு. எம் புருஷன் இருமல் மருந்து குடிச்சாலே தலை சுத்துதுன்னு படுத்துக்குற ஆளு மேடம்.

— வீட்டுக்குத் தெரியாம ஆம்பளைங்க ஆயிரம் செய்வாங்க. நான் பொதுவா சொல்றேன்.

— பொதுவா சொல்லாதீங்க தம்பி. உங்க அண்ணனைச் சொல்லுங்க.

— ... அன்னைக்குக் குடிச்சிருந்தாரு அண்ணி. நான் சொல்லணுமா இதை? எத்தனை தடவை சொல்லணும்?

— திங்கக்கிழமை விசாரணை மேடம். அதுதான் கடைசி. இவருதான் சாட்சி. அதுக்கப்புறம் யாரு கேட்டாலும் எம் புருஷன் குடிகாரன்தான். பாப்பா குடிகாரன் பொண்ணுதான்.

— நான் என்னம்மா செய்ய முடியும்? நான் விதை பாக்குறவ.

— செடியப் பாருங்க மேடம். அது போதும்.

— சரி. இதை எப்படி வளர்த்தீங்க? விதை யாரு குடுத்தா?

— யாரும் குடுக்கல. பூட்ஸ்ல வந்துச்சு.

— பூட்ஸ்லயா?

— அவரு சேத்துல நின்னு பம்ப் பாக்குறவரு. சாயங்காலம் வந்ததும் வாசல்ல பூட்ஸைக் கழட்டிப் போட்டுட்டு ஒரு அரட்டல் போடுவாரு, மகாராணி வாங்க, உங்க பிள்ளைங்க வந்திருக்குன்னு. நான் அதை எடுத்து சாக்கடை ஓரமாத் தட்டி, கழுவி, கவுத்து வைப்பேன். கல்யாணம் ஆனதுலேருந்து கைக்கு அது பழக்கம். சேதி வந்த அன்னைக்கும் வாசல்ல பூட்ஸ் கெடந்துச்சு. ஈரச் சேறு அப்பி, காயக்கூட இல்ல. உள்ள எல்லாரும் அழறாங்க. நான் அதை எடுத்துத் தட்டிட்டு இருக்கேன் மேடம். சாக்கடைகிட்ட ஆளுங்க நின்னாங்க, அதனால புதுசா வாங்கி வச்ச காலித் தொட்டியோட விளிம்புல தட்டினேன். பக்கத்து வீட்டு அக்கா வந்து கையப் புடிச்சு இழுத்தாங்க. அப்புறம்தான் எனக்கு அழுகையே வந்துச்சு.

— ... தண்ணி குடிக்கிறீங்களாம்மா?

— வேண்டாம் மேடம்.

— இதை நீங்க சொன்னதே இல்லையே அண்ணி.

— நீங்க கேட்டதில்லையே தம்பி.

— சரி, செடிக்கு வருவோம். அந்தச் சேறு எப்படி இருந்துச்சு? ஞாபகம் இருக்கா?

— சாம்பல் கலரு. வழுவழுன்னு. காஞ்சதும் சுண்ணாம்பு மாதிரி ஆயிடுச்சு. தூக்கிப் போட மனசு வரல. மேல கொஞ்சம் சாதா மண்ணத் தூவி ஓரமா வச்சுட்டேன். மழை விட்டதும் குட்டிக் குட்டியா இலை வந்துச்சு. அந்த வருஷம் பூரா அப்படியே தரையோட தரையா, ஒரு தட்டு கவுத்த மாதிரி கெடந்துச்சு. வளரவும் இல்ல, சாகவும் இல்ல.

— நானே சிரிச்சேன். அண்ணி, கீரை வளக்குறீங்களான்னு கேட்டேன்.

— ஆமா, கேட்டீங்க. பனிக்காலம் முடிஞ்சதும் நடுவுலேருந்து தண்டு எழும்பிப் பூத்துச்சு மேடம். பாப்பாவுக்கு ஒரே சந்தோஷம். அதோட விதை எடுத்து, நல்லா எருப் போட்ட வேற தொட்டியில போட்டோம். ஜம்முன்னு முளைச்சுது. ஆனா நத்தை வந்து மொத்தத்தையும் மொட்டை அடிச்சிட்டுப் போயிடுச்சு. மறுபடி போட்டோம், மறுபடி தின்னுச்சு. பக்கத்துலயே இந்தத் தாய்ச்செடி நிக்குது, ஒரு நத்தை எட்டிப் பாக்கல. அதுதான் எனக்கு உறுத்துச்சு. செடி ஒண்ணுதான், மண்ணுதான் வேற. அப்ப இந்த மண்ணுல என்னமோ இருக்குன்னு தோணுச்சு.

— இவங்களுக்கு என்ன வேணும்னாலும் தோணும் மேடம். போன மாசம் கதவு தானாத் தொறந்துக்குதுன்னாங்க. கீல் தேஞ்சு போச்சு, நான்தான் வந்து மாத்திக் குடுத்தேன்.

— குடுத்தீங்க தம்பி. நான் இல்லன்னு சொல்லல.

— கொஞ்சம் சும்மா இருங்க சார். அம்மா, நான் ஒரு இலை கிள்ளிக்கட்டுமா?

— எடுத்துக்குங்க.

— இது உலோகம் பாக்குற மருந்து தடவின தாள், இப்ப என்ன கலரு பாருங்க?

— பச்சை.

— சாறு புழிஞ்சு தேய்க்கிறேன். பாத்துட்டே இருங்க.

— ... சிவக்குது.

— சிவக்குது. அம்மா, இனிமே சத்தியமா இதை வாயில வைக்காதீங்க. பொண்ணு தொட்டா சோப்புப் போட்டுக் கையக் கழுவச் சொல்லுங்க. இலைக்குள்ள ஈயமும் துத்தநாகமும் இருக்கு. வேற செடிய அந்த மண்ணுல வச்சா கருகிச் செத்துடும். இவ மட்டும் அதை உறிஞ்சி இலையில சேத்து வச்சுக்குவா. நத்தை ஒரு வாய் வச்சா தூன்னு துப்பிட்டுப் போயிடும். எரு மண்ணுல வளந்த குட்டிகிட்ட அந்த விஷம் இல்ல. அதான் தின்னுடுச்சு.

— அப்ப இது என்ன செடி மேடம்?

— புத்தகத்துல ஒரு பேரு இருக்கு, வாயில நுழையாது. நாங்க ஈயப்பூன்னுவோம். நல்ல மண்ணுல இவளை யாரும் வாழ விட மாட்டாங்க. அதனால யாருமே வராத இடமாப் பாத்து உட்கார்ந்துக்குவா. இந்தப் பக்கமெல்லாம் நாங்க கால் தேய அலைஞ்சு தேடியிருக்கோம். ஒரே ஒரு இடத்துலதான் இருக்கு.

— எங்க மேடம்?

— பழைய ஈயச் சுரங்கத்துக் கழிவு மேடு. மூடி, பூட்டி வச்சிருக்காங்கல்ல. மழை பெஞ்சா சரியும், ஆளு ஏறக் கூடாதுன்னு போர்டு போட்டு. இவங்க கம்பெனிக்குப் பின்னாடி. சாவிகூட கம்பெனிகிட்டத்தான் இருக்குன்னு கேள்வி. இல்லையா சார்?

— சாவி இருக்கு. யாரும் தொடுறதில்ல. அந்தக் கேட்டு துருப்பிடிச்சு நிக்குது மேடம்.

— நீங்க உள்ள போயிருக்கீங்களா தம்பி?

— நானா? சர்வீஸ்ல ஒரு தடவைகூட அந்தக் கேட்டைத் தாண்டினதில்ல. விசாரணையில அதைக் கையெழுத்துப் போட்டே குடுத்திருக்கேன். உங்களுக்குத் தெரியாதா?

— தெரியும். திரும்பக் கேட்டேன். தாண்டினதே இல்லையா?

— இல்லன்னு சொல்றேனே அண்ணி!

— சரி.

— இந்தச் செடியெல்லாம் ஒரு சாட்சியா? காத்துல பறந்து வந்திருக்கும். இல்ல லாரி டயர்ல ஒட்டி ரோட்டுக்கு வந்திருக்கும். அண்ணன் போற வழியில எங்கயாவது மிதிச்சிருப்பாரு.

— இதோட விதைக்கு இறக்கை கிடையாது சார். அதுவும் போகட்டும். அம்மா, தொட்டி ஓரமா ஒரு கரண்டி தோண்டிக்கட்டுமா? வேரு அறுபடாது. ... பாத்தீங்களா, அடியில இன்னும் அப்படியே கட்டியா இருக்கு. சாம்பல் கலரு. அந்தப் பாட்டில் தண்ணிய ஊத்துங்க. இப்ப தாளை வைக்கிறேன்.

— உடனே சிவந்துடுச்சு.

— விதை பறந்து வரலாம் சார். மேடு பறந்து வராது.

— ... சரி. சரி அண்ணி. அண்ணன் மேட்டுக்குப் போனாருன்னே வச்சுக்குவோம். அவராத்தான் போயிருக்கணும். உங்களுக்குத் தெரியும்ல அவரு பிடிவாதம், ஒரு பம்பு ஓடலைன்னா சோறு இறங்காது. மழை நேரம். கீழ தண்ணி ஏறிடுச்சு, பம்பு அடைச்சுக்கிச்சு, அப்படியே போய்...

— பம்பா? அந்த மேட்டுல ஏது சார் பம்பு? யாரும் போகாத இடம்னீங்க.

— இருக்குமுல்ல மேடம்? தேங்குற தண்ணிய எடுக்கணும்ல? நான் பொதுவா சொல்றேன்.

— வேர்க்குது பாருங்க தம்பி உங்களுக்கு. தண்ணி குடிங்க.

— எனக்கு ஒண்ணும் வேண்டாம். அண்ணி, நான் சொல்றதக் கேளுங்க. இதைத் தூக்கிட்டுப் போய் விசாரணையில வச்சா என்ன ஆகும் தெரியுமா? குடிகாரன்னு சொன்ன அதே வாய், பூட்டை உடைச்சுப் போனவன்னு சொல்லும். தடை போட்ட இடத்துல யாரு அவரைப் போகச் சொன்னா? யாரும் சொல்லல. செத்தவரு தலையில இன்னொரு பழி. பாப்பாவுக்கு இதுவா வேணும்?

— பாப்பாவுக்கு என்ன வேணும்னு நான் சொல்லட்டுமா? உங்கப்பா வேலை செஞ்சுட்டு இருக்கும்போது செத்தாரு, அவரை வேலைக்கு அனுப்பினாங்க, அவரு போனாருன்னு யாராவது ஒருத்தர் அவ முகத்தப் பாத்துச் சொல்லணும். அவ்வளவுதான். எனக்கு யாரையும் ஜெயில்ல போடணும்னு இல்ல. உங்க அண்ணன் போனதுலேருந்து நீங்க செஞ்சதை நான் மறக்கல. ஒழுகுற கூரைக்கு நீங்கதான் ஏறினீங்க. பாப்பாவுக்கு ஜுரம் வந்தா தோள்ல போட்டுட்டு ஓடினீங்க. ஏன் இவ்வளவு செய்யுறாருன்னு நான் யோசிச்சு யோசிச்சுப் படுத்திருக்கேன் தம்பி. பாசம்தான்னு நம்பினேன். இப்பவும் அது பொய்யின்னு சொல்ல மாட்டேன். அதனாலதான் இன்னைக்கு உங்களைக் கூட்டிட்டு வந்தேன். திங்கக்கிழமைக்கு முன்னாடி, உங்க வாயால வரட்டும்னு.

— என்ன வரணும்? எனக்கு என்ன தெரியும்? எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு அண்ணி. அந்த வேலையை விட்டா எனக்கு வேற என்ன இருக்கு? மேல இருக்குறவன் சொன்னதத்தான்...

— சொன்னதத்தான்?

— ஒண்ணுமில்ல. அண்ணன் அவராப் போனாரு, அவரா விழுந்தாரு. நான் அங்க இல்ல. எனக்கு ஃபோன் வந்தப்ப நான் ஆபீஸ்ல ஹீட்டர்கிட்ட உட்கார்ந்திருந்தேன். இதைத்தான் திங்கக்கிழமையும் சொல்லுவேன். குடுங்க அந்தத் தொட்டிய. போற வழியில கொட்டிட்டு வீட்டுல விட்டுடறேன்.

— கைய எடுங்க சார். இது இப்ப என் மேஜையில இருக்கு. அம்மா, நீங்க தைரியமா இருங்க. திங்கக்கிழமை நான் வரேன். லீவு சொல்லிட்டு வரேன், எவன் கேக்குறான்னு பாக்குறேன். இந்தச் செடி அந்த மேட்டுச் செடி, இந்த மண்ணு அந்த மேட்டு மண்ணு, செத்த அன்னைக்கு உங்க வீட்டுக்காரர் அங்கதான் நின்னாருன்னு நானே சொல்றேன்.

— அப்படிச் சொல்லாதீங்க மேடம்.

— ஏம்மா? அதுக்குத்தான வந்தீங்க?

— செடியச் சொல்லுங்க, மண்ணைச் சொல்லுங்க. அவரு நின்னாருன்னு மட்டும் சொல்லாதீங்க. அதை இந்தத் தொட்டி காட்டாது.

— பாத்தீங்களா மேடம்? அண்ணிக்கே புரிஞ்சுடுச்சு. இவ்வளவு நேரமா நானும் அதைத்தான சொல்லிட்டு இருக்கேன். வாங்க அண்ணி, போலாம்.

— உங்க அண்ணன் பூட்ஸை ஆஸ்பத்திரியிலயே அறுத்துப் போட்டுட்டாங்க தம்பி, வீட்டுக்கு அது வரவே இல்ல. அன்னைக்கு சேதி சொல்ல வந்து, உள்ள போய் பாப்பாவைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதீங்களே, அப்ப நீங்க வாசல்ல கழட்டிப் போட்டதத்தான் நான் தட்டினேன்.